இரண்டு தடவை கைதட்டியவன்

கோலியர்ஸ் வுட் என்ற ஆங்கிலேய ஊரில், தேவாலயத்துக்குப் பின்னால் இடியக் கிடந்த கொட்டிலுக்குக் கூரை போட்டவன் நான். தரைப்பலகை ஒவ்வொன்றும் என் கையால் அறைந்தது. சுவரோரம் ஓடும், மேலே இருக்கவும் உள்ளே பாய் வைக்கவுமான மூடி போட்ட பெட்டி வாங்கு, வெளியே ஊஞ்சல், ஆற்றுப் பக்கத்து வேலி, எல்லாம் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆங்கிலக் கடிதம் வந்தால் இன்றைக்கும் பிள்ளையிடம்தான் நீட்டுவேன். பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் முடித்து, நித்திரையில்லாமல் வந்து, பிறர் எறிந்த கதவுகளை அறுத்து இவ்வளவையும் செய்தேன். ஆணி எடுத்துத் தரவும் பக்கத்தில் ஆளில்லை. இதை நான் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

கட்டியது மகளுக்காக. அவளுக்கு அப்போது எட்டு வயது. எண்பதுகளின் கடைசி. பள்ளிக்கூடத்தில் அவளுடைய பின்னலைப் பிடித்து இழுத்தார்கள், புத்தகப் பையைக் குப்பைத்தொட்டிக்குள் போட்டார்கள். ஒரு பள்ளித் தவணை முழுக்க அவள் அங்கே வாய் திறக்கவில்லை. பிறகு வீட்டிலும் பேச்சுக் குறைந்தது. பக்கத்து ஊரான சட்டனில் ஓர் ஆங்கிலேயப் பெண் தன் நான்கு பிள்ளைகளையும் வீட்டிலேயே படிப்பிக்கிறாள், சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது என்று மனைவி அறிந்து வந்தாள். நாங்களும் மகளை நிறுத்தினோம். அப்படிப்பட்ட ஐந்து குடும்பங்கள் பிள்ளைகளைப் புதன்கிழமைகளில் ஒன்றுசேர்க்க இடம் தேடியபோதுதான் அந்தக் கொட்டிலைத் திருத்தினேன்.

புதன்கிழமையில் ஒவ்வொரு பெற்றோரும் ஏதாவது செய்விக்க வேண்டும். சட்டன் பெண் பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள். ஹவுன்ஸ்லோவில் இருந்து வரும் மன்னார்த் தாய் களிமண் பிசைவாள். எனக்கு என்ன தெரியும்? ஒளிக்கத் தெரியும். நான் இரண்டு தடவை கைதட்டினால் பெரிய பிள்ளை ஒன்று சின்னப் பிள்ளை ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு மறைய வேண்டும். மூச்சுக் காட்டக் கூடாது. வேறு யார் கூப்பிட்டாலும் வரக் கூடாது. என் குரலில் "வாங்கோ பிள்ளையள்" என்று கேட்டால் மட்டும் வரலாம். மூன்று மாதத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத பிள்ளைகளெல்லாம் சோடி சோடியாகிவிட்டார்கள். என் மகளின் கையில் எப்போதும் சட்டன் பெண்ணின் நான்கு வயதுக் கடைக்குட்டி. நல்ல விளையாட்டு என்று எல்லோரும் மெச்சினார்கள். ஊரில் சண்டைக் காலத்தில் ஆமி ஜீப் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பினால் நாங்கள் செய்தது இது என்று ஒருவருக்கும் நான் சொல்லவில்லை.

பிறகு கவுன்சிலின் கல்விப் பகுதியில் இருந்து கடிதம் வந்தது. ஓர் அதிகாரி புதன்கிழமை பதினொரு மணிக்கு வந்து, என் மகள் மற்றப் பிள்ளைகளோடு சேர்கிறாளா, பேசுகிறாளா என்று பார்ப்பாராம். திருப்தியில்லை என்றால் அவள் அதே பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டும். எங்களுடைய விசாவே வருடத்துக்கு ஒரு தடவை நீட்டுகிற விசா. பிள்ளையைப் பறிப்பார்களோ, எங்களையே திருப்பி அனுப்புவார்களோ என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் அரை மணித்தியாலம் முந்தி வந்துவிட்டார். முன்வாசலால் வராமல் பின்படலையைத் திறந்து, பச்சை மழைக்கோட்டும் சப்பாத்துமாகப் புல்வெளியைக் கடந்து வந்தார். பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் நினைக்கவில்லை. என் கைகள் தாமாகவே இரண்டு தடவை தட்டின.

பன்னிரண்டு பிள்ளைகளும் மறைந்தார்கள். ஊஞ்சல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் எங்கே என்று அதிகாரி கேட்டார். சட்டன் பெண் சிரித்தபடி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள், இந்த முறை சிரிப்பில்லை. என் குரல்தான் வேண்டும். எனக்கோ தொண்டை ஒட்டிப்போய்க் காற்று மட்டும் வந்தது. மனைவி தண்ணீரை நீட்டி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"எல்லாத்தையும் அங்கயே விட்டிட்டு வந்தனெண்டு சொன்னியள். கைக்குள்ள கொண்டல்லோ வந்திருக்கிறியள். குடிச்சிட்டுக் கூப்பிடுங்கோ."

கூப்பிட்டேன். மரத்துக்குப் பின்னால் இருந்தும் கொட்டிலின் அடியில் இருந்தும் சோடி சோடியாக வந்தார்கள். பத்துப் பேர். என் மகளும் கடைக்குட்டியும் இல்லை.

நான் ஆற்றுக்கு ஓடினேன். வேலியில் ஒரு பலகை ஆடுகிறது என்று எனக்குத் தெரியும், அடுத்த கிழமை அறையலாம் என்று விட்டிருந்தேன். தண்ணீர் மண்ணிறமாக ஓடியது. அதிகாரி மழைக்கோட்டோடு முட்செடிக்குள் இறங்கித் தேடினார். சட்டன் பெண் கத்திய சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நானும் கத்தினேன். பதிலில்லை. அப்போதுதான் விளங்கியது: அடைபட்டிருந்தாலும் அவள் சத்தம் போட மாட்டாள். சத்தம் போடாதே என்று பழக்கியவன் நான்.

கொட்டிலுக்குள் ஓடினேன். பெட்டி வாங்கின் மூடிக் கொளுக்கி வெளியே தானாக விழுந்து பூட்டியிருந்தது. இறுக்கமாகப் பூட்ட வேண்டும் என்று நான் பார்த்துப் பார்த்துப் போட்ட கொளுக்கி. திறந்தேன். பாய்களுக்கு மேல் மகள் கிடந்தாள், கடைக்குட்டியின் வாயைப் பொத்தியபடி. இருவருடைய முகங்களும் பலகைத் துளைகளோடு ஒட்டியிருந்தன. பாய் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க நான் துளைத்த எட்டுத் துளைகள்.

"அப்பா, அந்தாள் போயிட்டாரோ?"

அந்த ஆள் என் பின்னால்தான் நின்றார். உடம்பெல்லாம் சேறு. முழந்தாளிட்டு, ஏன் தட்டிக் கூப்பிடவில்லை என்று மகளிடம் கேட்டார். அந்நியரிடம் ஒரு வருடமாகப் பேசாதவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்: தான் பயந்தால் சின்னவளும் பயப்படுவாள், அதனால் அவளுடைய காதுக்குள் மெதுவாக எண்ணிக்கொண்டிருந்தாளாம்.

இந்த விளையாட்டைப் பழக்கியது யார் என்று கேட்டார். பொய் வாய் வரைக்கும் வந்தது. நான்தான் என்றேன். எங்கே பழகினேன் என்பதையும் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஒன்றும் எழுதவில்லை. கொளுக்கியைக் கழற்றச் சொன்னார். அவர் பார்க்கவே கழற்றினேன். இரண்டு கிழமை கழித்து, மகள் வீட்டிலேயே படிக்கலாம் என்று கடிதம் வந்தது. அதுவரைக்கும் சட்டன் பெண் என்னோடு பேசவில்லை. ஆனால் புதன்கிழமை தவறாமல் வந்தாள், கடைக்குட்டியின் கையை என் மகளின் கையில்தான் கொடுத்தாள்.

இப்போது அந்தப் புதன்கிழமைக் கூட்டத்துக்கு நினைவு மலர்ப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். பாட்டுக்கு ஒரு பெயர், களிமண்ணுக்கு ஒரு பெயர். கொட்டிலுக்கு "ஒரு தந்தை உதவினார்" என்று ஒரு வரி. அது போதாது. மலர்க் குழுவினரே, அடுத்த பதிப்பில் கூரையும் தரையும் எட்டுத் துளையும் என்னுடையவை என்று என் பெயரோடு போடுங்கள். அந்தக் கொளுக்கியைப் போட்டவனும், அன்று கைதட்டியவனும் நான்தான் என்று அதற்குக் கீழேயே எழுதுங்கள். பாதியை விட்டுவிட்டு மற்றப் பாதிக்கு நன்றி சொல்ல வேண்டாம்.