மூன்று மாத அரசன்

பதினொரு வருசம் வளைகுடா நாட்டில், பழைய நாணயம் விற்கும் கடையொன்றில் கூட்டித் துடைக்கிற வேலை செய்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் நாணயத்திலுள்ள அரசனின் தலையைப் பார்த்து விலை சொல்லப் பழகிவிட்டேன்.

ரோமாபுரி வெள்ளி நாணயங்கள்தான் அதிகம். எடையெல்லாம் கிட்டத்தட்ட ஒன்று. விலை ஒன்றல்ல. நெடுங்காலம் ஆண்ட அரசனின் நாணயம் மலிவு. கிறிஸ்தவர்களின் வேதத்தில் வருகிற நாணயம் இது என்று ஒன்றைச் சொல்வார்கள். அதுவும் நிறைய வரும், விலை இறங்காது. கேட்பவர்கள் அதைவிட நிறைய. மூன்று மாதம் மட்டும் ஆண்ட அரசன் ஒருவன் உண்டு. ரோமாபுரியின் முதல் பன்னிரண்டு அரசர்களின் நாணயங்களையும் சேர்க்கிறவர்களுக்கு அவன்தான் கடைசிவரை கிடைக்காமல் மிஞ்சுவான். ஒரே நாளில் இரண்டு பேர் அவனைக் கேட்டுப் போன் எடுத்தால், முதலாளி என்னிடம் தேநீர் கேட்டு வாங்கிக்கொண்டு சாய்ந்து உட்காருவார்; விலை தானே ஏறும்.

நான் விலகும்போது, சேர வேண்டியதைப் பணமாகத் தரவா, தேய்ந்துபோன மூன்று மாத அரசன் ஒன்றைத் தரவா என்று கேட்டார். அரசனை எடுத்தேன். வைத்திருந்தால் ஏறும் என்று நினைத்தேன்.

இலங்கையில் எங்கள் ஊரான சாய்ந்தமருதில் மகளுக்கு நிக்காஹ் பேசியிருந்தோம். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். சுவர் எழும்பியிருந்தது. கூரை என் பர்ஸுக்குள் இருந்தது.

கல்முனை நகைக்கடைக்காரர் அதைத் தராசில் வைத்தார்.

"மூணு கிராம் வரும் காக்கா. புள்ளைக்கு மோதிரம் அடிக்கலாம்."

"ரெண்டாயிரம் வருசத்து நாணயம்."

"நாங்க வெள்ளிக்கு வயசு பார்க்கிறல்ல."

அவரே கொழும்பிலிருந்து பழைய சாமான் வாங்குகிற ஒருவரை அனுப்பினார். வந்தவர் கண்ணாடி வைத்துப் பார்த்தார். அவருக்குத் தலை தெரிந்திருந்தது.

"எந்தக் காணிக்குள்ள தோண்டின?"

"தோண்டல்ல. வெளிநாட்டுல முதலாளி தந்த."

"வாங்கினதுக்குத் துண்டு, ரசீது ஏதும் இரிக்கா?"

"இல்ல."

"நம்மட நாட்டு மண்ணுக்குள்ளயும் இது கெடைக்கிற காக்கா, தோண்டி எடுத்தா அது அரசாங்கத்துட சாமான். ஆரு உங்கள நம்புவான்? திருப்பிக் கொண்டு போனாலும் எயார்போட்டுல அனுமதி எங்க எண்டு கேப்பாங்க."

அவர் சொன்ன விலைக்கு ஓர் அறைக்கும் கூரைத் தகடு வராது. முதலாளியைப் போல நானும் செய்து பார்த்தேன்.

"இன்னொரு ஆளும் கேக்கார்."

"ஆரு, நகைக்கடைக்காரரா?"

சிரித்தார். போகும்போது விலையை இன்னும் குறைத்துவிட்டுப் போனார். ஒரே ஆள் கேட்கிற நாணயத்துக்கு என்ன நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும்.

முதலாளிக்குப் போன் எடுத்து, தந்ததற்கு ஒரு துண்டு எழுதித் தரச் சொன்னேன். அது தன் கைக்கு வந்ததற்கு அவரிடமே துண்டு இல்லை. பேச்சை மாற்றினார். வேலைக்கு வருகிறாயா என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சுவருக்கு நடுவில் நின்று மேலே பார்த்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா நல்ல மனிதர்.

"கூரையப் போட்டுட்டு நாள் வைப்பம்," என்றார்.

அவர்கள் போன பிறகு மனைவி கேட்டாள்.

"அந்தக் கொழும்பு ஆளுக்கே குடுத்தா என்ன?"

"ஓர் அறைக்கும் காணாது."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். இன்னும் மூன்று வருசம் இருந்தது.

இப்போது அதே கடை, அதே துணி. என் நாணயம் ஊரில், அலுமாரிக்குள் ஒரு மருந்து டப்பாவில் கிடக்கிறது. இங்கே கண்ணாடிக்குப் பின்னால் வேறொரு மூன்று மாத அரசன் வந்திருக்கிறான். நேற்று இரண்டு பேர் போன் எடுத்தார்கள். முதலாளி தேநீர் கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன்.