குட்டிச்சனத்தின் மேடு

மாமா அயர்லாந்தில் காளான் பண்ணையொன்றில் வேலை செய்துவிட்டு, நாங்கள் இருந்த இத்தாலியின் பலெர்மோ நகருக்குத் திரும்பியபோது, ஒரு தடித்த ஜாக்கெட்டும் ஏராளமான புளுகும் கொண்டுவந்தார். அங்கே வயல்களின் நடுவே வட்டமான மண்மேடுகள் உண்டாம். சுற்றிவர முள்மரங்கள். உள்ளே கண்ணுக்குத் தெரியாத குட்டிச்சனம். பண்ணைக்காரர் உழும்போதுகூட மேட்டைத் தொடாமல் டிராக்டரைச் சுற்றித்தான் ஓட்டுவார்களாம்.

"குட்டிச்சனத்துக்குப் பிள்ளை பிறந்தால் வளக்க ஆள் வேணுமெல்லோ. அதுகள் மனுசத் தாய்மாரைக் கொண்டுபோயிடுங்கள்," என்றார் மாமா. "அங்கை ஒரு வாய் சாப்பிட்டால் சரி. பிறகு திரும்பி வரேலாது."

எனக்கு அப்போது ஆறு வயது. நகரத்தின் போர்கோ வெக்கியோப் பகுதி வீட்டில் அப்பா, மாமா, நான். அம்மா ஊருக்கு வெளியே ஒரு பணக்கார இத்தாலியப் பெண்ணின், நாங்கள் சின்யோரா என்று சொல்லும் அம்மணியின், வீட்டிலேயே தங்கி, அவருடைய கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் லீவு. அந்த வீட்டைச் சுற்றி உயரமான மதில், மதில் நிறைய முள்ளுச்செடி. மாமா சொன்ன இடம் எது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது.

அடுத்த வியாழன் பயத்தோடு கேட்டேன்.

"அம்மா, அங்கை சாப்பிடுறனீங்களோ?"

"ஓம். சாப்பிடாமல் எப்பிடிப் பிள்ளை வேலை செய்யிறது?"

நான் அழுத அழுகைக்கு யாருக்கும் காரணம் தெரியவில்லை. வயிற்றில் பூச்சியாக்கும் என்று அப்பா அதற்கு மருந்து தந்தார்.

அந்த ஞாயிறு, குழந்தைக்குக் காய்ச்சல் என்று அம்மா வரவில்லை. என் தொல்லை தாங்காமல் மாமா என்னை பஸ்ஸில் அங்கே கூட்டிப்போனார். உள்ளே அரைவெளிச்சமும் குளிர்ச்சியும் ஆரஞ்சுப்பூ வாசமுமாக இருந்தது. எங்கோ ஒரு மணிக்கூடு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சத்தமில்லாமல் வந்தாள். குழந்தை அவளுடைய சங்கிலியைப் பிடித்தபடி தோளில் நித்திரை. எனக்கே கண் சொருகியது. சின்யோரா சிரித்துக்கொண்டு பாதாம் கேக்கை நீட்டினார்.

அம்மாவை வெளியே எடுக்க வழியில்லை. நான் உள்ளே தங்கலாம் அல்லவா? ஒரு துண்டை விழுங்கினேன். பாதுகாப்புக்கு இன்னொன்று. மறுபடி கை நீட்டியபோது அம்மா கூசிப்போய், "பட்டினி போட்டு வளக்கிற பிள்ளை எண்டெல்லோ நினைக்கப்போகினம்," என்று முணுமுணுத்தாள்.

"வா, பஸ் போயிடும்," என்று மாமா கையைப் பிடித்தார். நான் சுகமாக வாசல் கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டேன். அம்மா உள்ளே நின்று கையாட்டினாள். கேக் வேலை செய்யவில்லை என்று வழியெல்லாம் மாமாவோடு சண்டை பிடித்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவை அந்த வீட்டில் பிடித்து வைத்திருந்தது, போர்கோ வெக்கியோவில் மூன்று நேரமும் நான் சாப்பிட்ட சோறு. அது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.