மூடிக்கு அடியில் கிடந்த அசல்

இன்று மதியம் என் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு மருத்துவ மாணவி வந்தார். இறுதியாண்டு. பாடக் குறிப்புகளை எப்போதும் பெரிதாக்கி மஞ்சள் தாளில்தான் எடுப்பார். டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிரமம். அப்படி எடுத்தால்தான் வரி பிடிபடுமாம்.

இன்று கையில் அதற்கான சான்றிதழ். இணைத்து விண்ணப்பித்தால் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும். நோயாளியைப் பார்த்துச் சொல்லும் தேர்வில் முதலாவதாக வருகிறவர், எழுத்துத் தேர்வில் நேரம் போதாமல் இரண்டு முறை தவறிவிட்டார். இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி.

கூட வந்த அப்பா குஜிலியம்பாறைப் பக்கம். நகலை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“இதக் குடுத்தா பேரு போயிரும் தாயி. வாசிக்கச் செரமப்படுற டாக்டர்ட்ட எவன் வருவான்?”

இருவரும் போய்விட்டார்கள்.

அடுத்தவருக்காக மிஷின் மூடியைத் திறந்தால், அசல் சான்றிதழ் கண்ணாடி மேலேயே கிடக்கிறது. அசலை மறந்துவிட்டுப் போவது இங்கே தினமும் நடப்பதுதான். மாணவிக்குப் போன் செய்தேன்.

“மறக்கலண்ணே. கிழிச்சுப் போட்ருங்க. நாளைக்கு டாக்டராகி வார்டுலயும் யாருக்கும் தெரியாமச் சமாளிச்சுக்கிருவேன்.”

மணி நாலரை. நான் இன்னும் கிழிக்கவில்லை.

இப்படி ஒரு டாக்டரிடம் நீங்கள் போவீர்களா? கமென்டில் சொல்லுங்கள், ஆனால் பார்த்துச் சொல்லுங்கள். ‘போக மாட்டேன்’ என்கிற பதிலுக்குப் பயந்துதான், சந்தேகம் வந்தும் பக்கத்தில் யாரிடமும் கேட்காமல், எங்கேயோ இப்படி ஒரு டாக்டர் உங்கள் மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டிருக்கலாம்.