லீவ் இட் வித் மீ!

போன செவ்வாய்க்கிழமை பலாங்கொடை ஆஸ்பத்திரியில் முத்துலட்சுமி அக்காவைப் பார்த்தேன். அக்காவின் வீட்டுக்காரர் கட்டிலில் கிடக்கிறார். இடது கால் முழுக்க மாவுக்கட்டு. முந்தின வார மழையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் அவர்கள் வீட்டுப் பின்சுவர் இடிந்து காலில் விழுந்துவிட்டது.

நலம் விசாரிக்கப் போனேன் என்று பெருமையாகச் சொல்ல வாய் வரவில்லை. இதில் என் இங்கிலீஷுக்கும் பங்கு உண்டு.

டவுனில் நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துவது உங்களுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன் அக்கா தேடி வந்தார். அந்தப் பின்சுவரில் அப்போதே கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. கம்பனி அதிகாரி ஒருவர் தோட்டத்துக்கு வருகிறாராம், நான் வந்து பேச வேண்டுமாம். அக்காவுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. அதிகாரியும் சிங்களவர்தான். பிறகு நான் எதற்கு?

"இங்கிலீஷ்ல கேட்டாத்தான் சேர் மதிப்பாங்க."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போனேன். வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினேன். அதிகாரி வெடிப்பை எட்டிப் பார்த்தார், சிரித்தார், என் தோளில் தட்டினார். "லீவ் இட் வித் மீ. ஐ வில் ஸீ வட் ஐ கேன் டூ" என்றார்.

"பொறுப்ப அவரே எடுத்துக்கிட்டாரு அக்கா. முடிஞ்சதெல்லாம் செய்வாரு" என்று அறிவித்தேன். குடும்பத்தோடு கொடகவெலயில் தங்கச்சி வீட்டுக்குப் போவதாக இருந்தவர், கட்டிய மூட்டையை அவிழ்த்துவிட்டார்.

அது வாக்குறுதி இல்லை, ஆளை மரியாதையாக அனுப்பிவைக்கிற பேச்சு... வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கிற எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தோளில் கை விழுந்ததும் மறந்துவிட்டது — வெட்கக்கேடு! அக்காவே சிங்களத்தில் கேட்டிருந்தால் அந்த ஆள் "பலமு" என்றிருப்பார். தமிழில் "பார்ப்போம்". இந்த இரண்டுக்கும் என்ன அர்த்தம் என்று அக்காவுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறவர்.

கட்டில் பக்கத்திலிருந்தே அதிகாரிக்குப் போன் போட்டேன். "ஸோ ஸாரி டு ஹியர் தட்" என்றார். குரலில் அத்தனை கனிவு! மீட்டிங் இருக்கிறது என்று உடனே வைத்துவிட்டார்.

"என்னா சொல்றாரு சேர்?"

இந்தத் தடவை ஒழுங்காக மொழிபெயர்த்தேன். "ஒண்ணும் செய்ய மாட்டாரு அக்கா."

அக்கா ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா, நாங்க கொடகவெலக்கிப் போயிருப்போமே சேர்."