முந்திரி ஆகாது

திருவனந்தபுரம் கரமனையில் ஸ்ரீலட்சுமியின் பியூட்டி பார்லருக்குப் பெயர்ப்பலகையே தேவையில்லை, அவள் முகம் போதும் என்பார்கள். அந்த முகத்தைத்தான் மாத்திரைகள் பூசணிக்காய் மாதிரி ஊத வைத்திருந்தன. சிறுநீரகம் மாற்றி வைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கன்னம் உப்பி, மேலுதட்டில் பூனைமுடி கறுத்து, காலைப் பலகாரம் செரிப்பதற்குள் அடுத்த பசி வந்து நின்றது. இதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்? "ஸ்டீராய்டு குறைஞ்சா மூஞ்சி தன்னால வத்தும். மீசைக்கு வேற ஆளா தேடணும்? நானே எடுத்துக்கிடுவேன்" என்று சிரித்தாள்.

அவளை உறுத்தியது கை மட்டும்தான். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்கத் தரும் மாத்திரை கையை நடுங்க வைக்கும், போகப்போகச் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் நடுக்கம் கூடிக்கொண்டே போனது. தண்ணீர் குடித்தால் பாதி நைட்டியில் கொட்டியது. நூலை முறுக்கிப் புருவம் எடுப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. விழிஞ்ஞத்திலிருந்துகூடக் கல்யாணப் பெண்கள் தேடி வருவார்கள். நூல் கொஞ்சம் தப்பினாலும் புருவம் போச்சு. கை நிற்காவிட்டால் கடை இல்லை. கடை இல்லாத தன்னை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சமையலுக்கென்று திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மா சொர்ணம்மாளோ, "உசிரு தப்பிச்சதே பெருசு. கடைய யாருக்காவது குடுத்துரு மக்ளே" என்று பழைய பாட்டையே பாடினாள்.

"என் கைய நான் பாத்துக்கிடுதேன்" என்று ஸ்ரீலட்சுமி வெடுக்கென்று சொன்னாள். சொன்னாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்கும் பயம்தான்.

பத்தியம் என்று வந்துவிட்டால் சொர்ணம்மாள் புலி. சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதும் மருமகன் அழகியநம்பிதான் மனைவிக்குச் சிறுநீரகம் கொடுத்தவன். ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் சொன்னதைக் கேட்டு வந்து, "முந்திரி மட்டும் கண்ணுல காட்டப்பிடாது அத்தை, மருந்தோட சேராது" என்று சொன்னான். அன்றைக்கே வீட்டிலிருந்த முந்திரிப்பருப்பெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. வாய் கசக்கிறது என்று மகள் சொன்னபோது, பின்வீட்டு மரத்துப் பம்பளிமாஸைத் தினமும் சுளை சுளையாக உரித்து ஊட்டினாள்.

அடுத்த பரிசோதனையில் ரத்தத்தில் மருந்து எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டர் முகம் சுருங்கியது. "கிரேப்ஃப்ரூட் வல்லதும் கழிச்சோ?" என்று, ஏதாவது சாப்பிட்டாளா என மலையாளத்தில் கேட்டார்.

"முந்திரி வீட்டுப் பக்கமே வந்தில்ல டாக்டரே!" என்றான் அழகியநம்பி.

"சாமி சத்தியமா ஒத்தப் பருப்பு குடுக்கல" என்றாள் சொர்ணம்மாள்.

அழகியநம்பி சட்டென்று திரும்பினான். "பருப்பா? நான் சொன்னது பழம்லா அத்தை!"

திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு, மலையாள வழக்கில் முந்திரி என்றால் திராட்சை. டயட்டீஷியன் சொன்ன கிரேப்ஃப்ரூட்டை அவன் திராட்சை என்று நினைத்து முந்திரி என்று சொல்ல, திருநெல்வேலிக்காரி அதை முந்திரிப்பருப்பாக்கிவிட்டாள். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு போனில் படத்தைக் காட்டினார்.

"இது நம்ம பம்பளிமாஸ் மாதிரில்லா இருக்கு!" என்றாள் சொர்ணம்மாள்.

"ரெண்டும் ஒரே குடும்பம் அம்மா. ரெண்டுமே மருந்தை ரத்தத்தில் ஏத்திவிடும். இன்னையோட நிறுத்துங்க. நடுக்கம் குறையும்."

ஸ்ரீலட்சுமி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சொர்ணம்மாள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உடைந்துபோனாள். "என் கையாலேயே விசத்த ஊட்டிருக்கேனே!" அன்றிலிருந்து மகளின் முகத்தை நேராகப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

மருந்தின் அளவு இறங்க இறங்க ஸ்ரீலட்சுமியின் கை கொஞ்சம் கொஞ்சமாக அவள் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் நூல் நுனியைப் பல்லில் கடித்துக்கொள்வாள். இப்போது முகக்கவசம் இருப்பதால் கழுத்தில் மாட்டிக்கொண்டு பழகினாள். பழகுவதற்கு அகப்பட்டது புருஷனின் கைமுடி. "கிட்னியே கொடுத்தாச்சு, இது எந்தா!" என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினான்.

டாக்டர் சம்மதித்த பிறகு ஒரு காலையில் ஷட்டரைத் தூக்கினாள். கூட்டிப் பெருக்க வந்த அம்மாவைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"எனக்கு எதுக்குட்டி இதெல்லாம்? இந்த வயசுல..."

"கண்ண மூடும்மா."

நூல் ஓடியது. ஒரு இடத்தில் விரல் லேசாக நடுங்கியது. முழங்கையை நாற்காலியின் சாய்மானத்தில் ஊன்றி மூச்சைப் பிடித்தாள், நின்றது. இரண்டு புருவமும் பிசகில்லாமல் வளைந்து வந்தன. சொர்ணம்மாளின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"வலிக்காம்மா?"

"இல்ல மக்ளே. உன் கை ஆடவே இல்ல."

கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தவள் திடுக்கிட்டாள். பிறகு எத்தனையோ நாளுக்கப்புறம் மகளை நேருக்கு நேர் பார்த்தாள். "ஏட்டி, இந்தப் புருவத்தோட ஊருக்குப் போனா என்ன ஆச்சுன்னு கேப்பாவளே, நான் என்னத்தச் சொல்ல?"

"எம்மவ கடை தொறந்துட்டான்னு சொல்லு."