வாசலில் நடந்த வகுப்பு

தாவாவோ நகரச் சந்தையில் மீன் வெட்டும் ஜெனலின், சனி ஞாயிறானால் டிஜே. அந்த வார இறுதி இசைக்கூடலில் அவளுக்கும் ஒரு பயிற்சி வகுப்பு கொடுத்திருந்தார்கள். முழங்காலை மடக்கி மடக்கித் தெருவில் ஆடும் புடோட்ஸ் தாளத்தை அவள் கற்றுக்கொடுக்க வேண்டும். இருபது பேர் ஆடத் தொடங்கியதுமே அமைப்பாளர் ரெய்னெரியோ மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்து ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார்.

“இது குடிகாரன் ஆட்டம். கௌரவமா ஏதாவது போடு, இல்லன்னா கிளம்பு.”

“கௌரவமா ஆடினா இடுப்பு பிடிச்சுக்கும் சார்.”

லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். வெளியே டிரைசைக்கிள் ஒன்று, பைக்கோடு பக்கப்பெட்டி பூட்டிய மூன்று சக்கர வண்டி, சவாரிக்கு நின்றது. அதில், அந்த ஊர் வழக்கப்படி, சீட்டுக்கு அடியில் ஆளை உலுக்கும் ஸ்பீக்கர் இருந்தது.

“நொங் பெர்டிங், உங்க வண்டிய ஒரு மணி நேரம் பள்ளிக்கூடமா ஆக்கவா?” என்று ஓட்டுநரை அண்ணன் முறை சொல்லிக் கேட்டாள்.

“சவாரியே இல்ல தங்கச்சி. தாராளமா ஆக்கு!”

லேப்டாப்பை வண்டி ஸ்பீக்கரில் மாட்டினாள். தாளம் எழுந்ததும் இருபது பேரும் வெளியே வந்துவிட்டார்கள். பின்னாலேயே ரெய்னெரியோ ஓடிவந்தார்.

“நிறுத்து!”

ஜெனலின் ஒலியைக் கூட்டினாள்.

“லேட்டா வந்தவங்க பின்வரிசை சார். முழங்கால மடக்குங்க!”