நல்லம்மா சீனக்குடாவுக்கு வண்டி ஓட்டிப் போனது

ஈச்சிலம்பற்று நல்லம்மா மாட்டு வண்டி ஓட்டப் பழகியது ஆசைக்கல்ல. கலியாணம் முடித்த மூன்றாம் வருஷம் கணவன் சின்னராசா, வெள்ளைக்காரன் கப்பல்களுக்கு எண்ணெய் சேர்த்து வைக்கும் சீனக்குடா எண்ணெய்த் தாங்கியடிக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டான். சூடடித்த நெல்லை ஏற்றி வர வீட்டில் ஆளில்லை. ஒற்றை மாட்டைப் பூட்டி அவளே ஓட்டினாள். ஊர் நாலு நாள் கதைத்தது. பிறகு தங்கள் மூட்டைகளையும் ஏற்றிவிடச் சொன்னது.

1942 சித்திரை வருஷப் பிறப்புக்கு வீட்டுக்கு வருவதாகச் சின்னராசா சொல்லியனுப்பியிருந்தான். அதற்கு நாலைந்து நாள் இருக்கையில், ஒரு வியாழக்கிழமை காலை, வடக்கே இடி இடிப்பதுபோல விடாமல் கேட்டது. கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் கரும்புகை எழுந்தது. மத்தியானம் மூதூரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள்: யப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான், எண்ணெய்த் தாங்கி எரிகிறது.

நல்லம்மா மாட்டை அவிழ்த்து வந்து வண்டியில் பூட்டினாள்.

"தனியப் போக ஏலாது, பிள்ளை," என்று மாமியார் நுகத்தைப் பிடித்தாள்.

"துணைக்கு ஆர் வருவினம், மாமி?"

மாமியார் கையை எடுத்தாள்.

கடலோரப் பாதை முழுக்க மணல். வண்டிச் சில்லுப் புதைந்த இடங்களில் இறங்கித் தோள்கொடுத்துத் தள்ளினாள். எதிரே சனம் வந்தபடி இருந்தது. பாயும் பானையும் கோழியுமாக, ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் வந்தார்கள். அவள் போகும் திசையில் ஒரு வண்டிகூட இல்லை. பொழுதுபட மூதூரில் தெரிந்த ஒரு வீட்டு வளவில் மாட்டைக் கட்டிவிட்டு, விடிய மறுபடி புறப்பட்டாள்.

ஆற்றைக் கடக்கும் கங்கைத் துறையில், வண்டிகளை அக்கரை சேர்க்கும் மிதவையை ஜமால்தீன் என்பவர் ஓட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கயிற்றை விட்டார்.

"அங்கால இருந்து சனம் ஓடி வருது. நீங்க எங்க போறீங்க, தங்கச்சி?"

"சீனக்குடாவுக்கு, காக்கா," என்று அவரை அண்ணன் முறை வைத்துச் சொன்னாள். "அவர் தாங்கியடியில வேலை."

"தாங்கியடியில நிண்ட ஆக்கள் ஒருத்தரும் மிஞ்சல்ல எண்டு கதைக்கிறாங்க."

"நான் கண்ணால பாக்கவேணும்," என்றாள்.

அவர் மாட்டின் கயிற்றைப் பிடித்து மிதவையில் ஏற்றினார்.

கிண்ணியாத் துறையும் தாண்டிய பிறகு கரித்தூள் விழத் தொடங்கியது. மாடு நின்றுவிட்டது. அடித்தும் நகரவில்லை. தன் முந்தானையால் அதன் கண்களைக் கட்டி, முன்னால் நடந்து இழுத்துப் போனாள். ஒரு வளைவில் வெள்ளைக்காரச் சிப்பாய் துவக்கை நீட்டிக் கத்தினான். அவளுக்குப் பாஷை விளங்கவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்தி நின்றாள். அவன் துவக்கு முனைக் கத்தியால் வண்டியிலிருந்த வைக்கோலைக் குத்திப் பார்த்தான். உள்ளே ஒரு குடம் தண்ணீரும் சோற்றுப் பொட்டலமும்தான் இருந்தன. தாங்கிப் பக்கம் போகக்கூடாதென்று கையால் காட்டி, இடப்புறத்துப் புளியமரத்தைச் சுட்டினான்.

மரத்தடியில் காயப்பட்ட கூலியாட்கள் வரிசையாகக் கிடந்தார்கள். அவள் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். இருவரின் முகம் துணியால் மூடியிருந்தது. துணியை விலக்கினாள், அவன் இல்லை. கடைசியில், மரத்தின் மறுபக்கம் முதுகைக் காட்டி ஒருவன் உட்கார்ந்திருந்தான். அந்தத் தோள் அவளுக்குத் தெரிந்த தோள்.

"இஞ்சருங்கோ."

அவன் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். அசையவில்லை. உட்கார்ந்தபடியே செத்துவிட்டானோ என்று நினைத்தாள். தோளைத் தொட்டாள். சின்னராசா துள்ளித் திரும்பினான். கைகள் இரண்டும் வெந்து துணி சுற்றியிருந்தன. காதுகளில் இரத்தம் காய்ந்திருந்தது.

"எப்படி வந்தனீ?" என்று அளவுக்கு மீறிய சத்தத்தில் கேட்டான். அவள் சொன்ன பதில் அவனுக்குக் கேட்கவில்லை.

அவனையும், நடக்க ஏலாத இன்னும் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு அவள் வண்டியைத் திருப்பினாள். வழியில் ஒரு விமானம் தாழப் பறந்தது. காயக்காரர் இருவரும் வண்டித் தட்டோடு ஒட்டிப் படுத்தார்கள். சின்னராசா மட்டும் அவள் ஊட்டிய சோற்றை மென்றுகொண்டு கடலைப் பார்த்திருந்தான். நல்லம்மா மாட்டின் கயிற்றை விடவில்லை. விமானம் வெள்ளைக்காரனுடையது, போய்விட்டது.

கைகள் ஆறின. காது கேட்கவேயில்லை. சண்டை முடிந்த பிறகும் மூதூர்ச் சந்தைக்கு நெல் ஏற்றியது நல்லம்மாதான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து வருவான். பின்னால் லொறிச் சத்தம் கேட்டால், அவன் திடுக்கிடாமலிருக்க அவள் அவனுடைய முழங்காலில் ஒரு தட்டுத் தட்டுவாள்.